வாயில் அடக்கிய பொயலை

— மாரி, அங்கன என்ன பார்வ? என்னயப் பாரு.

— கோம்பை பஸ்ஸு வந்துருச்சாண்ணே...

— வரட்டும், போகட்டும். ஒன் மூத்திர டெஸ்ட்டுல பொயலை எப்படி வந்துச்சு?

— அதான் சொன்னேன்ல...

— ரெண்டாவது தடவ! எனக்கு ஆப்பரேசன் மறுபடி தள்ளிப்போச்சு. கிட்னி குடுக்குறவுக ஒடம்புல பொயலையோட நிக்கோட்டின் இருக்கக் கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாக.

— திராட்சைக்குப் பொயலைத் தண்ணி அடிச்சேண்ணே, பூச்சிக்கு. வெறுங்கையோட கரைச்சேன்... தோலு வழியா ஏறும்னு அவுகளே சொன்னாகல்ல?

— எப்ப அடிச்ச?

— போன மாசம்.

— அது எப்பவோ எறங்கிருக்கும்.

— ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி...

— அதையும் கேட்டேன். பீடி குடிக்கிறவன் ஒடம்புலதான் அது மெதுவாக் கரையுமாம். கரைக்கிற வேலையவே புகை மந்தமாக்கிருமாம். குடிக்கிறத விட்டாத்தான் வேகம் புடிக்குமாம். வருசக்கணக்கா ஊதுன எனக்கே சீக்கிரம் சுத்தமாயிருச்சு. பீடியவே தொடாத ஒனக்கு மாசக்கணக்கா நிக்குதா? பேசு ஆத்தா. மாப்ள வேணாங்குறாரா?

— அவுக ஒண்ணும் சொல்லல.

— அப்ப?

— நாளைக்கு ஒங்களுக்கு டயாலிசிஸ் இருக்குல்ல. வீட்டுக்குப் போவம்ண்ணே...

— பேச்ச மாத்தாத! இந்தக் கையப் பாரு. ஊசி குத்த எடமில்லாம வீங்கிக் கெடக்கு. பயமாருக்கு மாரி. நெசத்தச் சொல்லு.

— ...நேத்துதான் வாயில பொயலைய அடக்குனேன்.

— என்னது?

— மொதத் தடவயும் அப்படித்தான். கொமட்டி, தல சுத்தி... கெணத்தடியிலயே உக்காந்துட்டேன்.

— அடிப்பாவி! வேணும்னேவா? நான் சாகணும்னா?

— அப்படிச் சொல்லாதீகண்ணே!

— குடுக்க முடியாதுன்னு ஒத்த வார்த்த சொல்லிருக்கலாம்ல?

— ஒங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?

— நானா கேட்டேன்? நீயாத்தான வந்த! வீரபாண்டி கோயில்ல ஆத்தா முன்னாடி கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணுன. அந்த மாரி எங்க போனா?

— அப்ப என் மகளுக்குக் காலு வீங்கலண்ணே.

— ...ஓவியாவுக்கா? ஏ... அவளுக்கு என்ன?

— அவளுக்கும் ரெண்டு கிட்னியும் சுருங்கிட்டு வருதாம். குடுக்க என்ட்ட ஒண்ணுதானண்ணே இருக்கு.