மூன்று தளங்களுக்கும் ஒரே முதலாளி

கனடாவில் மார்க்கம் நகருக்குச் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னே இரு நண்பர்கள் அமர்ந்திருந்தனர். இளையவர் சொன்னார்: “அண்ணை, நான் என்னையே புளொக் பண்ணிப்போட்டன்.”

“எதிலயடா?”

“பெற்றிங் சைற்றில, கிரிக்கெட்டுக்குக் காசு கட்டிற சூதாட்டத்தில. மனிசி என்னோட கதைக்கிறதையே விட்டிட்டா. பிறகும் மனம் கேக்காமல் வேற ரெண்டு சைற்றில பதிஞ்சு பாத்தன். உள்ளுக்கு விடேல்லை. மூண்டுக்கும் ஒரே முதலாளியாம்!”

மூத்தவர் சிரித்தார். “விசரா, வேற முதலாளியின்ர சைற் நான் காட்டிறன்.”

“வேண்டாம் அண்ணை. சனிக்கிழமை பெற் கட்டாமல் கிரிக்கெட் பாத்தன். மனிசியும் பக்கத்தில வந்து இருந்தவ.”

“ஆர் வெண்டது?”

நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது. மனைவி மறைந்தபின் வீட்டில் எனக்கு அவசரமேதும் இல்லை, பதிலுக்காக அமர்ந்திருந்தேன்.

“தெரியாது அண்ணை. அவ என்ர தோளில நித்திரையாப் போனா. பிறகு நான் மட்ச் பாக்கேல்லை.”