நிண்டிருக்க வேண்டிய மணிக்கூடு

...எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, தங்கச்சி. ஒருத்தரும். அதைத்தான் இண்டைக்குச் சங்கக் கூட்டத்தில மூஞ்சிக்கு நேர கேக்கப்போறன். இருங்கோ, பையை இங்கால வையுங்கோ. சூரிச் வரைக்கும்தானே? அட்லிஸ்வில்லில ரயில் ஏறேக்கயே உங்கட நெத்திப் பொட்டைக் கண்டிட்டன், எங்கட ஆள்தான் எண்டு வந்து இருந்திட்டன்.

நான் தில்லைநாயகி. கிழமை நாளில முதியோர் இல்லத்தில உடுப்புத் தோய்க்கிற பகுதி. ஞாயிற்றுக்கிழமையில ரெஃப்ரி. சிரிக்காதேங்கோ. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, விசில் எல்லாம் இருக்கு. கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல். முட்டை மாதிரிப் பந்து, ஆளை ஆள் போய் இடிக்கிறது... அது. என்ர மகன் நிலக்‌ஷன் ஒரு வருசம் விளையாடினவன். ஒவ்வொரு கிளப்பும் ஒரு ரெஃப்ரி குடுக்கோணுமாம். தாய் தேப்பன்மார் எல்லாரும் தங்கட சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டிச்சினம். நான் கையைத் தூக்கிட்டன். மகன் பிறகு விட்டிட்டான், நான் விடேல்லை. விடேலுமோ? விசில் ஊதின உடனை அவ்வளவு பெடியளும் அப்பிடியே நிண்டாங்கள். என்ர வீட்டில ரெண்டு பேர் நிக்கிறாங்களில்லை.

என்ன கதைச்சனான்... ஓம், ஆட்டச் சட்டம். அமெரிக்காவில காலேஜ் பெடியளுக்கு ஒரு சட்டப் புத்தகம், ஹைஸ்கூல் பிள்ளையளுக்கு வேற புத்தகம். இங்கத்தைப் பிள்ளையளுக்கோ அந்தக் காலேஜ் புத்தகம்தான். அங்க ஒருத்தர் ஒரு வரியை மாத்தினா, இங்க பதினைஞ்சு வயசுப் பெடியனுக்கும் எனக்கும் தலையிடி. முந்தி பந்தோட பத்து யார் தூரம் போனா ஆட்ட மணிக்கூட்டை நிப்பாட்டுவினம். இப்ப காலேஜில கடைசி ரெண்டு நிமிசத்தில மட்டும்தான் நிப்பாட்டுறது. நான் புத்தகம் முழுக்கப் பாடமாக்கினனான். சோதினையில நான்தான் முதலாவது, தெரியுமோ?

போன ஞாயிறு துன் எண்ட ஊரில ஆட்டம். மணிக்கூடு என்ர கையில. அஞ்சு நிமிசம் கிடக்கு, துன் பெடியள் பத்துப் பத்து யாரா வாறாங்கள். நான் நிப்பாட்டேல்லை. ரெண்டு நிமிசம் வரைக்கும் ஓட விட்டன். கடைசியா கோட்டுக்கு ஒரு யார் தூரம் கிடக்கேக்க நேரம் முடிஞ்சுது. தோத்துப் போனாங்கள். ஒரு சின்னன் தலைக்கவசத்தைக் கழட்டாமலே இருந்து அழுதது... அதை நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரிக் கிடக்கு.

பிறகுதான் சங்கத்தில சொல்லுகினம், பதினாறு வயசுக்குக் கீழ இங்க பழையபடி நிப்பாட்டோணுமாம். மாசியில தாள் அனுப்பினவையாம். எனக்கு வரேல்லை. வந்தால் வாசிக்கமாட்டனோ? தாள் வந்ததெண்டு தெரிஞ்சா சட்டையைப் பறிச்சுப்போடுவினம், ஆட்டமும் திரும்ப நடக்கும். வரேல்லையெண்டா என்னில பிழையில்லை, தோத்தது தோத்ததுதான்.

ஒரு ரோல்ஸ் எடுங்கோ. எடுங்கோ எண்டுறன். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோட போறதே? காலமை அஞ்சு மணிக்கு எழும்பிப் பொரிச்சனான். அடியில தாள் போட்டிருக்கிறன், எண்ணெய் ஒட்டாது. வீட்டுக்கு வாற தாள் ஒண்டையும் நான் எறியிறேல்லை, மேசை லாச்சியில ரோல்ஸுக்கெண்டே ஒரு கட்டுக் கிடக்கு...

என்ன, சாப்பிடாமல் பெட்டிக்குள்ள பார்க்கிறியள்? எறும்போ?

...அடித்தாளோ? வாசியுங்கோ. ஓம், உங்கட டொய்ச் பாசை நல்லாத்தானே இருக்கு. "பதினாறு வயதுக்குட்பட்டோர்"... ம்... "மணிக்கூடு நிப்பாட்டவேணும்"...

கீழ, அந்த ரோல்ஸைத் தள்ளிப்போட்டுப் பாருங்கோ. கையெழுத்தோ? "வாசித்து விளங்கிக்கொண்டேன்"... த, தி... ஓம். என்ரதான். வாசிக்காமலே வைச்சிட்டுத் திருப்பி அனுப்பாமல் லாச்சிக்குள்ள போட்டிருக்கிறன்.

ஐயோ, சிரிப்பு வருது தங்கச்சி. பிடியுங்கோ பெட்டியை. கூட்டத்து மேசையில வைச்சு, "எடுங்கோ, எடுங்கோ" எண்டு நானே நீட்டியிருப்பன்.

இல்லை, எறியாதேங்கோ. குடுங்கோ. அவைக்கு முன்னால ரோல்ஸோட அப்பிடியே வைக்கிறன். சட்டையைக் கேட்டாக் குடுக்கிறன், தோய்ச்சு மினுக்கிக் குடுக்கிறன். அந்தச் சின்னன் திரும்ப விளையாடட்டும்.

விசிலைக் கேட்டா மட்டும் குடுக்கமாட்டன். அது நான் வாங்கினது.