ஒருநாள்கூட லீவு போடாத ஆளு

சும்மா உக்காருங்கக்கா. கை பாட்டுக்குப் பட்டாசுக் குழாய் உருட்டட்டும், நாம பேசுவோம். வெறுங் காயிதம்தான், மருந்தெல்லாம் கம்பெனியிலதான் போடுவாக. பயப்படாதீக.

அதான் சொன்னேனே, அவரு கம்மாய் வேலைக்குப் போயிருக்காரு. நூறுநாள் வேலை. செல்வக்குமாருன்னுதான நீங்க கணக்குப் பாக்குற கம்ப்யூட்டர்ல இருக்கு? ஆமா, எங்க வீட்டுக்காரருதான்.

அப்படியா? மாவட்டம் பூராம் வேலைக்கு வந்தவுக பேர அதுக்குள்ள போட்டு அலசுனீகளா? செத்தவுக பேரயும் பக்கத்துல வச்சுப் பாத்து, செத்த பொறவும் மண்ணு வெட்டுனவுக நாப்பது பேரப் புடிச்சுப்புட்டீகளா! ஆத்தாடி, மிசினுக்கு எம்புட்டு மூளை. அதுல இவரு இல்லையாக்கும். சுத்தமான பேருங்குதா. ஒருநாள்கூட லீவு போடாத ஆளுன்னு பாக்க வந்தீகளா. சிரிக்கலக்கா, இருமல். பாப்பாவுக்கும் இருக்கு.

நான் அஞ்சாப்புதான், எனக்குப் பேச வராது. வெளிய சொல்லிறாதீக. திங்கக்கெழம காலையில மேஸ்திரி இருளாண்டி அண்ணன் கம்மாய் வேலை ஆஜர் தாளோட வருவாரு. வாரம் பூராவுக்கும் மொத்தமாக் கையெழுத்துப் போட்டுட்டு, எல்லாரும் பட்டாசு வேலைக்கு வேன் ஏறிருவோம். சர்க்காரு கூலியில பாதி மேஸ்திரி ஆளுகளுக்கு. கம்மாயில இன்னும் கருவேலந்தான் நிக்குது.

போன ஆடியிலயும் எங்க வீட்டுக்காரரு திங்கக்கெழம போட்டுட்டுத்தான் போனாரு. புதங்கெழம வெம்பக்கோட்டைக்கு மேக்க, காட்டுக்குள்ள லைசென்சு இல்லாத பட்டாசு செட்டு ஒண்ணு வெடிச்சுப்போச்சு. கரியில ஆளு அடையாளம் தெரியல, நாலு பேருன்னு எழுதிட்டாக. செட்டுக்குள்ள செருப்போட போகக்கூடாதுல்ல, வாசல்லயே கழத்திப் போட்டுருவாக. நான் போய்ப் பாத்தேன். அஞ்சு ஜோடி கெடந்துச்சு. அஞ்சாவதுல வாரு அந்து ஊக்கு குத்தியிருந்துச்சு. நான் குத்துன ஊக்கு. மொதலாளி ஆளு சொல்லுதான், ஒன் புருசன் அன்னைக்கு, அதுக்கு மறுநா, எல்லா நாளும் கம்மாயிலல்ல இருந்திருக்கான், சர்க்காரு தாளே சொல்லுதேன்னு. செத்ததுக்குச் சர்டிபிகேட்டு கேட்டா ஆபீசுலயும் அதே பேச்சு.

அடுத்த திங்கக்கெழமையும் இருளாண்டி அண்ணன் தாள நீட்டுனாரு. பால்மாவு தீந்துபோன நேரம்க்கா. அவரு கையெழுத்து எனக்கு அப்படியே வரும்.

இந்தா வாரேன் மேஸ்திரியண்ணே, சத்தம் போடாதீக! இன்னைக்குத் திங்கக்கெழமைல்லக்கா, ரெண்டு பேருக்கும் போட்டுட்டு வந்துர்றேன். அதுக்குள்ள நீங்க அந்த மிசின்ல, அவரு பேரச் செத்தவுக பக்கமா மாத்தி வைக்க முடியுமான்னு பாருங்கக்கா.