காம்பன் கோபுரத்து மாடு

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, குடிக்கிறேன். மொழிபெயர்க்க வந்த தம்பி, நான் சொல்வதை ஒரு சொல்லும் குறைக்காமல் அந்தப் பொலிஸ் அதிகாரிக்குச் சொல்லுங்கள். நான் சவிரிமுத்து. லண்டன் இல்ஃபோர்டில் வீடு, கூரை திருத்துவது தொழில். இறந்துபோன கிருஷ்ணராசா என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்தவன்.

இருவருமே ஒல்லாந்திலிருந்து இங்கே வந்தவர்கள். நான் பதினாலு வருடம் காம்பன் நகரத்தில் இருந்தேன். அவன் பக்கத்து ஸ்வொல்லேயில். அந்த இரண்டு ஊருக்கும் பல நூறு வருடமாக ஆகாது. ஸ்வொல்லேக்காரர் ஒரு கதை சொல்வார்கள். காம்பன் கோபுரத்து உச்சியில் புல் முளைத்ததாம். அதை மேயவிட, காம்பன்காரர் ஒரு மாட்டின் கழுத்தில் கயிறு கட்டி மேலே இழுத்தார்களாம். பாதி உயரத்தில் மாட்டுக்கு நாக்குத் தள்ள, புல்லைக் கண்ட ஆசையில் நாக்கை நீட்டுகிறது என்று கீழே நின்றவர்கள் சந்தோசப்பட்டார்களாம்.

காம்பன்காரர் இதற்குக் கோபிப்பதில்லை. கோடையில் ஒரு பொம்மை மாட்டைக் கோபுரத்தில் தாங்களே தொங்கவிட்டுச் சிரிப்பார்கள். என்னால்தான் முடியவில்லை. சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவனுக்கு முதன்முதலில் கதவைப் பூட்டித் திறக்க ஒரு வீட்டுத் திறப்பைக் கையில் தந்த ஊர் அது.

கிருஷ்ணராசா பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு என்று ஓரிடமும் விடாமல் இந்தக் கதையைச் சொன்னான். முடிவில் என் பக்கம் கையைக் காட்டுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சின்னப் பிள்ளைகள்கூட என்னை மாட்டு அங்கிள் என்றார்கள். அவன் வாயைத் திறந்தாலே நான் எழும்பி வெளியே போய்விடுவேன். அது கோபமில்லை தம்பி, பயம்.

போன ஞாயிறு என் மகள் பிறின்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முதல்நாள் காலை இங்கே எட்மண்டனில் ஒரு பழைய தேவாலயக் கோபுரத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. அவனைப் பாதுகாப்புப் பெல்ட்டில் கொழுவி, கீழே நின்று கயிறு இழுக்கிற விஞ்ச் மெசினால் ஏற்றினேன். முக்கால் உயரத்தில் நிறுத்தினேன்.

“என்னண்ணை, நிப்பாட்டிப் போட்டியள்?”

“நாளைக்கு அந்தக் கதையைச் சொல்லமாட்டன் எண்டு சொல்லு.”

அவன் சிரித்தான். “சும்மா பகிடிதானே அண்ணை. மாப்பிள்ளை வீட்டுக்காரரும் கொஞ்சம் சிரிக்கட்டுமன்.”

நான் விஞ்சைப் பூட்டினேன். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். சுவர் அவன் கைக்கு எட்டவில்லை. முதலில் ஏசினான். பிறகு கெஞ்சினான்.

“அண்ணை, கால் விறைக்குது. ஏலாது அண்ணை. பிள்ளையளாணைச் சொல்லமாட்டன்.”

பயத்தில் செய்கிற சத்தியத்தை எப்படி நம்புவது? இறங்கினால், மாட்டண்ணை என்னையும் தொங்கவிட்டார் என்று அதையும் சேர்த்தல்லவா சொல்லுவான். கொஞ்ச நேரத்தில் அவன் பேச்சு நின்றது. தலை நெஞ்சில் சாய்ந்தது.

பொலிஸ் என்னைக் கூட்டிப்போக வாசலில் நின்றபோது, மனைவி பெர்னடெற் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ, விஞ்ச் இறுகிப் போச்சு, என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. பிள்ளையை நினையுங்கோ.”

நல்ல யோசனைதான். விபத்து என்று விட்டுவிடவும் கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனை மேலே ஏற்றிவிட்டு, இறக்கத் தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காம்பன்காரன். லண்டன் முழுக்கச் சிரிக்கும். நீங்களும் வீட்டுக்குப் போய்ச் சொல்வீர்கள்.

ஆகவே சரியாக எழுதச் சொல்லுங்கள். விஞ்ச் நன்றாக வேலை செய்தது. பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவனைக் கெதியாக இறக்காவிட்டால், இரத்தம் காலிலேயே தங்கி உயிர் போய்விடும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் இறங்கியிருப்பான். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். நான் மடையன் இல்லை.