வெளிறிய ஆண் மீன்

திலாப்பியாவைக் குழம்பு வைப்பதைவிடப் பொரிப்பதுதான் நல்லது. ஜெயந்தினி அப்படித்தான் சொல்வாள். அவள் என் மனைவி. அவளுடைய மரணத்தைப் பற்றி விசாரிக்கத்தான் என்னை வரச் சொன்னீர்கள், டொக்டர். ஆஸ்பத்திரிக்கு ஏன் அவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று கேட்டீர்கள். மீனிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

நான் விலங்கியல் படித்தவன். கொட்டகலையில் ஒரு பாடசாலையில் உயிரியல் கற்பிக்கிறேன். கடைசி வருட ஆய்வுக்காகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் கிடந்து திலாப்பியாக்களைப் பார்த்தவன்.

இனப்பெருக்க காலத்தில் ஆண் மீன் கறுத்துப்போகும். வாயால் மண்ணைக் கவ்வித் துப்பிக் குழி தோண்டும். அதுதான் கூடு. இன்னொரு கறுத்த ஆண் வந்தால் சண்டை. பெண் வந்தால் வரவேற்பு. பெண் மீன் வெளிறிய சாம்பல் நிறம். சில ஆண்கள் கறுப்பதே இல்லை. பெண்ணின் நிறத்தோடு, பெண்ணைப் போலவே அசைந்து உள்ளே வந்துவிடும். கூட்டுக்காரன் அதையும் பெண் என்று நம்பிச் சுற்றிச் சுற்றி ஆடும். உண்மையான பெண் முட்டையிடும் நேரத்தில் இந்த வெளிறிய ஆணும் பக்கத்தில் நின்று தன் விந்தைக் கலந்துவிடும். விந்துப் போட்டி என்போம். அதன் உடல் சிறிது. உடலோடு ஒப்பிட்டால் விந்தகம் பெரிது. பெண் எல்லாவற்றையும் வாயில் அள்ளிக்கொண்டு போய்ப் பட்டினி கிடந்து அடைகாக்கும்.

கூட்டுக்காரனுக்குத் தெரியவந்தால் என்ன செய்யும் என்று பேராசிரியர் கேட்டார். காவல் காப்பதை நிறுத்திவிடும் என்றேன். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நியாயமாக இருந்தது. அவரும் தலையாட்டினார்.

சோலைமலை எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழுள்ள தோட்ட வீட்டு வரிசையில், அடுத்த வீட்டுக்காரன். ஆட்டோ ஓட்டுகிறான். கல்யாணம் ஆகவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்களோடு நின்று கதை பேசுவான். மாசியில் காமன் கூத்து வந்தால் ரதி வேடம் அவனுக்குத்தான். எங்கள் பக்கம் ரதியாக ஆண்தான் ஆடுவான். போன மாசியில் நான் பாடசாலை விட்டு வந்தபோது, என் வீட்டு உள்ளறையில் ஜெயந்தினியின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் முழங்காலிட்டுக் கொசுவத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"எப்புடி சேர்? ஒங்க வீட்டம்மாவ விட நான் லட்சணமா இல்ல?"

"மீசைய வழிச்சுட்டா ரதியாயிருவீங்களாக்கும். அசையாம நில்லுங்கண்ணே, குத்திரும்," என்றாள் அவள்.

நானும் சிரித்தேன். மீன் அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது.

சித்திரையில், உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். கல்யாணமாகி மூன்று வருடம் இல்லாதது. பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். மாசியில் வந்து நின்றது. நான் எதுவும் கேட்கவில்லை. கவனித்தேன். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோலைமலை மாங்காய் அச்சாறு வாங்கி வந்தான். "தங்கச்சிக்கு வாய் கசக்கும்ல சேர்" என்றான். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. ஆட்கள் எல்லாரும் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம் அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. சோலைமலை கீழே ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தான்.

"சோலண்ணன கூப்புடுங்களேன்."

"அவன் ஹட்டனுக்கு ஹயர் போயிட்டான்."

"பாட்டு கேக்குதே."

"அது எவன் வீட்டு ரேடியோவோ."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

அவளுடைய போன் தலைமாட்டில் கிடந்தது. எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன். அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறது என்றேன். சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கால் குளிர்கிறது என்றாள், கம்பளியைப் போர்த்திவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளை நான் அடித்ததில்லை, ஒரு வார்த்தை ஏசியதில்லை. அன்றும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, அம்புலன்ஸ் வந்துரும்" என்றாள்.

பின்னேரக் கொழுந்தும் நிறுத்து முடிந்து பெண்கள் பேசிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. இனி யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அப்போதுதான் இறங்கிப் போய்ச் சோலைமலையிடம் சொன்னேன்.

"எப்பயிலருந்து சேர்?"

"இப்பத்தான்."

உள்ளே வந்து ரத்தம் ஊறிக் காய்ந்திருந்த பாயைப் பார்த்தான். குழந்தையைத் தூக்குவது போல அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வழி முழுக்க ஏசிக்கொண்டே ஓட்டினான். "நான் கீழதானே சேர் நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேனே. அவ்வளவு நேரம் என்னா செஞ்சீங்க?" டிக்கோயாவில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன் அவள் கை என் கையிலிருந்து விட்டுப்போனது.

குழந்தையும் பிழைக்கவில்லை. பெண். காது அப்படியே என்னுடையது என்று உங்கள் நர்ஸ் சொன்னார். காதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடக்கத்தன்று சோலைமலை மண்ணில் விழுந்து அழுதான். எனக்கு வரவில்லை. இப்போதும் இல்லை. தூக்கத்தில் மட்டும் அவள் காலுக்குப் போர்த்தக் கை போகிறது. வெறும் பாய்தான் தட்டுப்படுகிறது.

ஆட்டோ இருந்தது, டொக்டர். போன் என் பையில் இருந்தது. தெரிந்துதான் பிந்தினேன். அவள் சாகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆட்டோவில் அவள் ஒரு தடவை கண் திறந்தாள். "அண்ணே, அவர ஏசாதீங்க. பாவம், பயந்துட்டாரு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அவள் தலை என் மடியில் இருந்தது. அப்படியிருந்தும் கடைசி வார்த்தையை அவனிடம்தான் சொன்னாள். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?