கனசாவாவில் வென்ற மீமிசல் கை

தலைமை தாங்கும் மீனவர் சங்கத் தலைவர் இன்னாசி ஐயா அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி மீன் கொண்டுவரும் அண்ணன்மார்களே! அதை ஏலத்தில் விற்று அடுப்பெரிய வைக்கும் தாய்மார்களே! மீமிசல் பெருமக்களே! அமுதவல்லியின் அன்பு வணக்கம்!

மாலையோடு அமர்ந்திருக்கும் ஷர்லி என் பள்ளித் தோழி. ஜப்பானில், கனசாவா நகரில், வட்டாரச் சமையலுக்கே பேர்போன பழம்பெரும் உணவகத்தில் இன்று இவள்தான் தலைமைச் சமையல்காரி! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

ஆனால் அன்று? "இஞ்சினீயருக்குப் படிச்சுப்புட்டு அடுப்படிக்குப் போறியா? ஒங் கையால ஒரு வாய் திங்கமாட்டேன்" என்று பேச்சையே நிறுத்தியவர் இவள் தந்தை சூசைராஜ் மாமா. ஜப்பானில் வேலை பார்க்கும் நான்தான், இவள் தலைமையேற்ற முதல் விருந்துக்கு அவரைக் கெஞ்சி வரவழைத்தேன்.

அது உணவகமா? பாய் விரித்த அறை, பாசி படர்ந்த தோட்டம், பேச்சடங்கிய பேரமைதி! என்ன தங்கச்சி, சோறு கிடைக்குமா என்றா கேட்கிறாய்? கிடைக்கும் தாயி, அவ்வூர் விருந்தில் சோறு கடைசியில்தான் வரும்!

தாமரைக்கிழங்கை அரைத்து, மீனோடு ஆவியில் வேகவைத்துச் சாறு ஊற்றிய அவ்வூர்ப் பதார்த்தம் மூடியிட்ட கிண்ணங்களில் வந்தது. ஷர்லி மண்டியிட்டு வணங்கினாள். எதிர்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் மூடியைத் தொடவே இல்லை. "எங்கள் ஊர்ச் சமையல் வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கைவருமா?" என்றார்.

அவர் சொன்னதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். சண்டைக்குப் போவாரோ என்று அஞ்சினேன். மாமாவோ தன் கிண்ணத்தைத் திறந்தார். ஒரு வாய் உண்டார். கண் கலங்கினார்.

"அமுதா, பெரியவர்ட்ட சொல்லு. நானும் இவ கையால திங்கமாட்டேன்னு வீம்பா இருந்தவந்தான். இப்பத் தின்னுட்டேன். அவரையும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லு."

சொன்னேன். பெரியவர் மூடியைத் திறந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். பிறகு இரு கைகளாலும் கிண்ணத்தை ஏந்தி அடிச்சாறுவரை குடித்தார்! ஷர்லியின் முன் தலை தாழ்த்தி, "இது எங்கள் ஊர் ருசியேதான். மன்னியுங்கள்" என்றார்.

பிறந்த ஊரா இவளைத் தடுத்தது? பேசும் மொழியா தடுத்தது? பெற்றவர் பிடிவாதமா தடுத்தது? எது தடுத்தும் இவள் கை ஓயவில்லையே! அன்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சூசைராஜ் மாமா தின்று முடித்த காலிக் கிண்ணத்தை இவளிடம் நீட்டினார்.

"ஆத்தா, இன்னும் இருக்கா?"

ஆண்டுக்கணக்கான மௌனத்துக்குப் பின் அவர் மகளிடம் பேசிய முதல் பேச்சு அது!

உப்புக்காற்றில் கால்கடுக்க நின்று கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி! வாழ்க ஷர்லி! வணக்கம்!