சேஸ் மடியும் இடம்

பின்பக்கம் தொங்கிப்போன வண்டியைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறதே, அந்தப் பிக்கப்புக்கும் இடது பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறது, சார்ஜென்ட். யாரிடமாவது சொல்லி மாற்றுங்கள். பாரம் தாங்குகிற மாதிரி வண்டி கட்ட ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் இந்த நெவிலை விட்டால் ஆள் இல்லை என்று பாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் நடந்ததைத் தெரியாத்தனம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குத் தெரியும்.

டீகன் என் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. வழியில் எங்கே வண்டி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவாள். நான் போய் இழுத்து வருவேன். அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டு, தன் பழைய கட்டிலில் படுத்துத் தூங்குவாள். லாக்லனைக் கட்டிக்கொண்ட பிறகு அவள் என் வீட்டில் தங்கியதெல்லாம் வண்டி கெட்ட நாட்களில்தான்.

அவனுக்குப் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் ப்ரூமில் வேலை கிடைத்தது. கடலோரத்தில் வீடு, இனிமேல் அங்கேதான் என்றார்கள். பிக்கப்பின் முதுகில் ஒரு கூண்டு வீட்டை ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ். அடியில் தண்ணீர்த் தொட்டி. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"நெவ், உன் பொண்ணு வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டா. தாங்குமா?" என்றான் லாக்லன்.

"இப்படியே போனா ஊர் எல்லையிலயே உக்காந்துரும்."

"நீ சும்மா இருடா. எங்கப்பா கை வெச்சா ஒட்டகம் மாதிரி போகும்" என்றாள் டீகன்.

கனமான பட்டைகள் போட்டிருக்க வேண்டும். பட்டை பாரத்தை இரண்டு முனைக்கும் பிரித்துக் கொடுக்கும். நான் பழைய பட்டைகளை அப்படியே விட்டு, நடுவில் காற்றுப்பைகளை வைத்தேன். காற்றடித்ததும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. ஆனால் அத்தனை பாரமும் வண்டியின் முதுகெலும்பான சேஸில் ஒரே இடத்தில் போய் முட்டும். குண்டும் குழியுமான பாதையில் குலுங்கக் குலுங்க, அந்த இடத்தில் சேஸ் மடிந்துவிடும். வேறு யாராவது இப்படிச் செய்து கொண்டுவந்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். மண்பாதை வந்ததும் பையில் காற்றைக் குறைக்க வேண்டும். நானோ எக்காரணம் கொண்டும் குறைக்காதே என்று லாக்லனிடம் சொன்னேன்.

மண்பாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே மடியும் என்றுதான் நினைத்தேன். போய் இழுத்து வந்துவிடலாம். ஆனால் பழகின கை கெட்ட வேலையைக்கூட நன்றாகவே செய்துவிடுகிறது. பாலைவனத்தின் நடு வரைக்கும் தாங்கியது. இந்தக் கோடையில் அந்தப் பக்கம் ஈ காக்கை போகாது.

காலையில் சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, வண்டி நடுவுல மடிஞ்சிருச்சு. கூண்டு சாஞ்சு தண்ணித் தொட்டி பொளந்துருச்சு. ஒரு கேன் தண்ணிதான் இருக்கு. அந்த அவசரப் பொத்தான அமுக்கட்டுமா?"

"அமுக்குனா ஹெலிகாப்டர் வரும். நெவில் பொண்ணு டூரிஸ்ட்டுக்காரி மாதிரி கத்துனாளாம்னு பாரே சிரிக்கும். நான் வரேன். வண்டிய விட்டு நகராத."

அவள் சிரித்தாள். "சரி, நம்ம மானத்தக் காப்பாத்துறேன். சீக்கிரம் வாப்பா."

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் அறையில் பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்தேன். பிள்ளையை அதில் எப்படிப் படுக்க வைப்பது? எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையைக் கழுவினேன். ஆட்டிறைச்சி வாங்கி வந்தேன். கொஞ்சம் தவித்தால்தான் ப்ரூம் ஆசை தானாக விட்டுப்போகும் என்றும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை போன் அடித்தது. ஸ்டூலில் ஏறி ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். இறங்குவதற்குள் நின்றுவிட்டது. மறுநாள்தான் கிளம்பினேன்.

லாக்லன் வண்டியை விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறான். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் கண்ணில் பட்டுப் பிழைத்துக்கொண்டான். அவன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டான்? டீகன் கேட்டாள். சக்கரத்தில் சாய்ந்து, நான் வருகிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த அவசரப் பொத்தான் கருவி மடியில் இருந்தது. அமுக்கவில்லை. என் நெஞ்சு அங்கேயே வெடித்திருக்க வேண்டும், சார்ஜென்ட். வெடிக்கவில்லை.

பண்ணைக்காரர்கள் போனபோது வெறும் வண்டிதான் இருந்தது என்றீர்களே, அதற்கு முன்பே நான் அவளை எடுத்து வந்துவிட்டேன். முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அவள் கட்டிலில் படுக்க வைத்து, திரையை இழுத்துவிட்டு, அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

கொன்றது நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் புருஷன் இருந்தான், கையில் பொத்தான் இருந்தது. அப்படி இருந்தும் அவள் கூப்பிட்டது என்னைத்தான். அவளுக்கு வீட்டுக்கு வரத்தான் ஆசை.